காப்பவரைக் காப்பவர் யார்?

நமது செங்கற்பட்டு மாவட்டத்திற்கு ஒரு பெருமை உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைக் காணத் தொலைதூரத்திலிருந்தெல்லாம் மக்கள் வருகின்றனர். ஆனால் அப்பறவைகளை முதன்முதலில் காத்து நின்றவர்கள் அரசாங்கத்தார் அல்லர், அவ்வூர் உழவர்களே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்லுரமாவதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆங்கிலேயச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வேட்டைக்கு வந்தபோது, ஊரார் ஆட்சியரிடம் சென்று முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் வழங்கினார். 1858-இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. அந்தச் சிற்றூரின் ஏரி 2022-ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வேடந்தாங்கல் மக்களுக்குத் துணிவு ஏற்கெனவே இருந்தது. பறவைகள்மீது அன்பும் இருந்தது. அவர்கள் நாடிச் சென்றது ஓர் எழுத்தை. துப்பாக்கியை மறிப்பவன்மீதே பழி திரும்பக்கூடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும். ஊர்ப் பொதுவைக் காப்பவனுக்குச் சட்டத்தின் துணை வேண்டும் என்ற உண்மையை, படிப்பறிவு பரவாத அந்நாளிலேயே அவர்கள் கண்டுகொண்டனர். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கேள்வி நம் முன் நிற்கிறது: ஊரின் நீரையும் மரத்தையும் உயிரினத்தையும் காக்க முன்வருகிறவரைக் காப்பவர் யார்?

ஊருக்கு ஒரு குழு

1992-இல் ரியோ நகரில் கூடிய உலக மாநாட்டின் பயனாகப் பல்லுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை பிறந்தது. அதை ஏற்றுக்கொண்ட இந்தியா, 2002-ஆம் ஆண்டில் பல்லுயிர்ச் சட்டத்தை இயற்றியது. அதன்படி அமைந்த தேசிய ஆணையத்தின் தலைமையகம் நமது சென்னையிலேயே உள்ளது. மாநிலந்தோறும் ஒரு வாரியம் உண்டு. அதற்கும் கீழே, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 41-ஆம் பிரிவு கூறுகிறது. உயிரினங்களின் வாழிடங்களைப் பேணுதல், நாட்டு விதைகளையும் நாட்டுக் கால்நடை இனங்களையும் காத்தல், அவற்றைப் பற்றி ஊரார் அறிந்தவற்றைப் பதிவு செய்தல் ஆகியன இக்குழுவின் பணிகள். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்னும் ஏட்டை ஆக்குவது இதன் முதற்கடமை.

2004-இல் வெளியான விதிகள் இக்குழுவை எளிய மக்களின் குழுவாகவே எண்ணி வகுத்தன. தலைவர் ஒருவர், உறுப்பினர் அறுவருக்கு மிகாமல், அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 விழுக்காட்டிற்குக் குறையாமல் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும். சட்டமும் விதிகளும் பின்னர் 2023-இலும் 2024-இலும் திருத்தி அமைக்கப்பட்டன. பல ஊர்களில் குழுக்கள் அமைக்கப்படாமலே கிடந்தபோது, 2020 ஜனவரி இறுதிக்குள் அமைக்க வேண்டும், தவறினால் மாநிலங்கள் மாதந்தோறும் 10 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கண்டிப்பாகக் கூறியது. அதன் பின்னரே நாடெங்கும் குழுக்கள் காகிதத்திலாவது தோன்றின.

கடற்கரை ஊர்களுக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மாவட்ட ஆட்சியரின் தலைமையில் அமையும் குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் மூவரேனும் இடம்பெற வேண்டும் என்றது. வலை பின்னும் கைகளுக்கும் ஆட்சியரின் மேசையருகே இடம் உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது.

செய்யூர் வட்டத்தில் இத்தகைய குழுக்களுக்கு வேலை இல்லாமல் போகாது. நமது உப்பளங்களையும், முதலியார்குப்பத்தருகே விரியும் காயலையும் நாடிப் பூநாரைகள் வருகின்றன. பங்குனி ஆமைகள் நம் மணற்கரையில் முட்டையிடுகின்றன. ஏரிகளும் குளங்களும் மேய்ச்சல் புறம்போக்குகளும் ஊர்தோறும் உள்ளன. 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று செய்யூரில் வரவிருந்தபோது உழவரும் மீனவரும் கேட்ட கேள்விகளை நாம் மறந்துவிடவில்லை. அந்நிலையம் கட்டப்படவும் இல்லை. ஆயினும் மண் அள்ளுதலும், நீர்நிலையில் கழிவு கொட்டுதலும், கரையோர ஆக்கிரமிப்பும் அன்றாடம் எழும் சிக்கல்களாகவே இருக்கின்றன.

பெயர் கொடுக்கத் தயக்கம் ஏன்?

ஆனால் குழுவில் சேர முன்வாருங்கள் என்று நம் மக்களை அழைத்தால் என்ன மறுமொழி வருகிறது? "எங்களுக்கு எதற்கு சாமி கோர்ட்டு வாசல்?" என்பதே. இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. அச்சத்திற்குக் காரணம் உண்டு.

ஓர் ஏரியில் அளவுக்கு மீறி மண் அள்ளப்படுகிறது என்று ஓர் உறுப்பினர் தாசில்தாருக்கு மனுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுவாரம் அவர் வீட்டிற்கு வக்கீல் நோட்டீஸ் வரலாம்: எங்கள் தொழிலுக்கு நட்டம் விளைவித்தீர், எங்கள் நற்பெயரைக் கெடுத்தீர், இத்தனை இலட்சம் இழப்பீடு தருக! அவ்வழக்கு இறுதியில் வெல்லாமற்போகலாம். ஆனால் தீர்ப்பு வரும் வரையில் மதுராந்தகத்திற்கோ செங்கற்பட்டிற்கோ வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டியவர் யார்? வக்கீலுக்குக் கட்டணம், பேருந்துச் செலவு, இழந்த நாட்கூலி, வீட்டாரின் கண்ணீர் ஆகிய இவையெல்லாம் தீர்ப்புக்கு முன்பே செலுத்தப்படும் தண்டனைகள். வழக்குத் தொடுப்பவர் சிலர் நாடுவதும் தீர்ப்பை அன்று, இந்த அலைச்சலையே. ஒருவர் அலைவதைக் கண்டு ஊரே வாய் மூடிக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு.

சட்டம் தரும் கேடயம்

பொதுப்பணி செய்வோருக்குச் சட்டம் கேடயம் தராமல் இல்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அச்சட்டத்தின்கீழ் அமைந்த அதிகார அமைப்புகளின் உறுப்பினரும் ஊழியரும் நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக அவர்கள்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் இத்தகைய பாதுகாப்பு உண்டு.

பல்லுயிர்ச் சட்டத்திலும் 54-ஆம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. ஆனால் 2002-இல் நிறைவேறிய அதன் வாசகத்தைக் கூர்ந்து படித்தால் ஒரு குறை தென்படும். மத்திய, மாநில அரசுகளையும் அவற்றின் அலுவலரையும் அது குறிப்பிடுகிறது. தேசிய ஆணையத்தின் உறுப்பினரையும் மாநில வாரியத்தின் உறுப்பினரையும் குறிப்பிடுகிறது. ஊர்க் குழுவின் உறுப்பினரை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. யார் யார் பொது ஊழியராகக் கருதப்படுவர் என்று கூறும் 53-ஆம் பிரிவும் ஆணையத்தோடும் வாரியத்தோடும் நின்றுவிட்டது. தலைநகரில் குளிர்சாதன அறையில் அமர்ந்து முடிவெடுப்பவருக்குக் கேடயம் வெளிப்படையாகத் தரப்பட்டது. ஏரிக்கரையில் நேருக்கு நேர் நின்று தடுக்க வேண்டியவருக்கோ அது சொல்லப்படாமல் விடப்பட்டது. அடி விழக்கூடிய இடத்தில் அல்லவா கேடயம் முதலில் வேண்டும்?

இதனால் ஊர்க் குழுவினர் கைவிடப்பட்டவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்துடன் கொடுக்கப்படும் புகார் அவதூறு ஆகாது என்பது 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே விதிவிலக்காக இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விலக்கு தொடர்கிறது. நீர்நிலைகளையும் காடுகளையும் காப்பது குடிமகனின் கடமை என்று அரசமைப்பின் 51-அ பிரிவு கூறுகிறது. கடமையைச் செய்தவனை நீதிமன்றம் எளிதில் தண்டிக்காது. ஆயினும் கடைசியில் வெல்வது வேறு, முதலிலேயே காக்கப்படுவது வேறு. ஆகையால் ஊர்க் குழுவினரையும் பெயர் சொல்லிக் காக்கும் வாசகம் சட்டத்தில் வேண்டும் என்று கேட்பது நியாயமே.

நல்லெண்ணம் என்றால் என்ன?

மேலே கூறிய எல்லாப் பாதுகாப்பும் ஒரு சொல்லின்மீது நிற்கின்றன: நல்லெண்ணம். இதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் இரு விளக்கங்கள் உண்டு. 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், நேர்மையாகச் செய்த செயல் கவனக்குறைவோடு செய்யப்பட்டிருப்பினும் நல்லெண்ணச் செயலே என்கிறது. குற்றவியல் சட்டமோ இன்னும் கண்டிப்பானது. தக்க கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்ததோ நம்பியதோ நல்லெண்ணம் ஆகாது என்கிறது அது.

நமது மறை போதிக்கும் மனச்சான்றின் நெறியும் இந்த இரண்டாம் விளக்கத்திற்கே நெருக்கமானது. நோக்கம் தூயதாக இருந்தால் போதாது. உண்மையைத் தேடி அறியும் உழைப்பும் வேண்டும். விசாரிக்காமல் அயலான்மேல் பழி சுமத்திவிட்டு, நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்பவனின் மனச்சான்று இன்னும் உறங்குகிறது.

மேலும், கேடயம் என்பது ஊரை ஆட்டிப்படைக்கும் கோல் அன்று. குழுவின் முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றத்தின் வாயில் திறந்தே இருக்க வேண்டும். அவர் அம்முடிவை உயர் நீதிமன்றத்திலோ பசுமைத் தீர்ப்பாயத்திலோ எதிர்த்து வாதாடலாம். முடிவு தவறாயின் அது இரத்தாகட்டும். முடிவைச் சோதிப்பது நீதி. முடிவெடுத்த ஏழையின் வீட்டையும் பிழைப்பையும் நாசமாக்குவது நீதி அன்று. பழைய பகையைத் தீர்க்கவோ கையூட்டுப் பெறவோ குழுவைப் பயன்படுத்துகிறவனுக்கு எந்தச் சட்டமும் பாதுகாப்புத் தராது, தரவும் கூடாது.

பிற நாடுகள் கண்ட வழி

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1957-ஆம் ஆண்டிலேயே ஊர்தோறும் இயற்கைப் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கச் சட்டம் செய்தது. ஊதியம் இன்றிப் பொதுப்பணி செய்வோர் வழக்குக்கு அஞ்சி விலகுவதைக் கண்ட அந்நாட்டு மத்திய அரசு, 1997-இல் தன்னார்வத் தொண்டர் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தம் பொறுப்பின் எல்லைக்குள் நின்று தொண்டாற்றுகையில் நேரும் சாதாரணக் கவனக்குறைவுக்கு அவர் தம் சொந்தச் சொத்தால் ஈடு செய்ய வேண்டியதில்லை. வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் மிகக் கடுமையான அலட்சியத்திற்கும் அப்பாதுகாப்பு இல்லை.

மால்டா நாட்டுப் பெண் பத்திரிகையாளர் டாப்னே கருவானா கலிசியா 2017-இல் படுகொலை செய்யப்பட்டபோது, அவர்மீது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. பொதுநலனுக்காகப் பேசுவோரின் வாயை அடைப்பதற்கென்றே தொடுக்கப்படும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய வழிசெய்யும் நெறிமுறையை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பிறப்பித்தது. அவரை நினைவுகூர்ந்து அதை டாப்னேயின் சட்டம் என்றே பலர் அழைக்கின்றனர்.

நம் நாட்டு நீதிமன்றங்களும் இதை உணராமல் இல்லை. நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையே ஒரு வழக்கின் நாயகனாயிற்று. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் ஆமைகளுக்கு ஆபத்து என்று கூறி, கிரீன்பீஸ் அமைப்பு கணினி விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. டாட்டா நிறுவனம் 10 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டது. பொதுநலன் பற்றிய விவாதத்திற்கு இடம் வேண்டும் என்னும் கருத்தில், 2011 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்காலத் தடையாணை தர மறுத்தது. வாயடைப்பு வழக்குகளின் தீங்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் எடுத்துரைத்தது.

நாபோத்தின் திராட்சைத் தோட்டம்

விவிலியம் அறிந்த நமக்கு இவை புதிய செய்திகள் அல்ல. அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தை நினைவுகூர்வோம். முன்னோரின் உரிமைச் சொத்தாகிய திராட்சைத் தோட்டத்தை விற்க மறுத்தான் நாபோத்து. அரசன் ஆகாபு முகம் வாடிப் படுத்துக்கொண்டான். அரசி ஈசபேல் என்ன செய்தாள்? படையை அனுப்பித் தோட்டத்தைப் பறிக்கவில்லை. ஊர்ப் பெரியோருக்கு மடல் எழுதினாள், சபையைக் கூட்டினாள், பொய்ச்சாட்சிகள் இருவரை எதிரே நிறுத்தினாள். எல்லாம் சட்டப்படியே நடந்தது! சட்டத்தின் பெயராலேயே நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டான்.

இந்நிகழ்ச்சியில் நம் நெஞ்சைச் சுடுவது ஈசபேலின் கொடுமை மட்டும் அன்று. ஊர்ப் பெரியோரின் மௌனமே அதிகமாகச் சுடுகிறது. நாபோத்தை அவர்கள் நன்கு அறிவர். அவன்மீது சாட்டியது பொய் என்பதையும் அறிந்திருப்பர். ஒருவராவது எழுந்து பேசினாரா? எலியா வந்து ஆண்டவரின் தீர்ப்பைக் கூறியபோது நாபோத்து உயிரோடு இல்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், தம் மண்ணை நேசிக்கும் உள்ளூர் மக்களிடமே படைப்பைக் காக்கும் பொறுப்புணர்வு ஆழமாக வேரூன்றுகிறது என்று எடுத்துக்காட்டுகிறது. அந்த மக்கள் தனித்து விடப்பட்டால் அவ்வேர் காய்ந்துபோகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இணைந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி சான்று. தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அவ்வூரையும் உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு 2024-இல் ஏலம் விடப்பட்டது. ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்றின. மக்கள் மதுரைக்குத் திரண்டனர். 11,000-க்கும் மேற்பட்டோர்மீது வழக்குப் பதிவாயிற்று. 2025 ஜனவரியில் ஏலம் இரத்தாயிற்று; வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக மாநில அரசும் அறிவித்தது. இந்த வழக்குகள் ஓர் ஆளின் தலைமேல் மட்டும் விழுந்திருந்தால் அவன் கதி என்னவாகியிருக்கும்?

செய்ய வேண்டுவன

குழுவில் பணியாற்றும் நம் சகோதர சகோதரிகளுக்குச் சில சொற்கள். எதையும் தனி மனிதராகச் செய்யாதீர்கள். குழுவைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி, தேதியிட்டு, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டுச் செய்யுங்கள். புகார் எழுதுமுன் இடத்தை நேரில் பாருங்கள். எதிர்த்தரப்பாரின் விளக்கத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள்; தேநீர்க் கடையில் ஆளைத் தூற்றாதீர்கள். உங்கள் உறவினரோ பங்காளியோ தொடர்புடைய காரியமாயின், அதை வெளிப்படையாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளுங்கள். இவையே நல்லெண்ணத்தின் சான்றுகள். நாளை நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசுபவையும் இவையே.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் அஞ்சி அதைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அன்றே ஊராட்சித் தலைவருக்கும் குழுவினருக்கும் காட்டுங்கள். நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தாலோ கட்டாயம் சென்று நிற்க வேண்டும். உரிமையியல் வழக்கில் எதிருரை தாக்கல் செய்யச் சாதாரணமாக 30 நாள் தவணை உண்டு. போகாமல் இருந்துவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். குழுவில் இருப்போர் பலருக்கு இவ்வுரிமை உண்டு; அறியாமையால் இழக்க வேண்டாம்.

பங்கு மக்களாகிய நமக்கும் கடமை உண்டு. குழு உறுப்பினர் ஒருவர் வாய்தாவுக்குச் செல்லும் நாளில் உடன் இருவர் செல்லுங்கள். அவர் இழந்த கூலியை நம் சங்கங்கள் பகிர்ந்துகொள்ளட்டும். நம்மிடையே உள்ள வழக்கறிஞர்கள் தங்கள் பாதுகாவலரான புனித ஈவோவை நினைக்கட்டும். 1303-இல் இறைவனடி சேர்ந்த அந்த பிரெத்தான் நாட்டுக் குரு, ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வாதாடியதாலேயே மக்கள் மனத்தில் நிலைபெற்றார். கிராம சபை கூடும்போது வீட்டிலிருந்துவிடாமல் சென்று, ஊர்க் குழுவினருக்கும் சட்டப் பாதுகாப்பை வெளிப்படையாக வழங்குக என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் நாம் அனுப்பியவர்களிடம் அதை எழுத்தில் கொடுங்கள். வேடந்தாங்கல் மக்கள் கேட்டுப் பெற்றதைப் போல, நாமும் கேட்டுப் பெற வேண்டும்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! படைப்பைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே ஆண்டவர் மனிதனைத் தோட்டத்தில் வைத்தார் என்கிறது தொடக்க நூல். அக்கடமையை நம் அனைவரின் சார்பில் ஒரு சிலர் ஏற்றிருக்கின்றனர். அவர்கள் காக்கும் ஏரியின் நீரை நாம் எல்லோரும் குடிக்கிறோம். அவர்களுக்கு வரும் நோட்டீசையும் நாம் எல்லோரும் வாங்கிக்கொண்டதாகவே கருதுவோம். நம் ஊரில் ஒரு நாபோத்து நிற்கும்போது, வாய் பேசாத பெரியோராக நாம் இருந்துவிடலாகாது.